பிள்ளையாரிடம் கேட்ட கல்லூரி

பிளஸ் டூ முடிவு வந்த வாரம் எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று பாளையங்கோட்டையில், பி.எஸ்சி. கணிதம். தச்சநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்தே டவுன் பஸ்ஸில் போய் வரலாம். இன்னொன்று கோயம்புத்தூரில், கம்ப்யூட்டர் சயின்ஸ், ஹாஸ்டல்.

கம்ப்யூட்டரை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போகவேண்டிய ஏ.சி. அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. தொடவில்லை. தொட்டால் கெட்டுப்போகும் என்று பயம். ஆனால் கணிதம் படித்தால் பிறகு டீச்சர் வேலை, களக்காட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை என்று எல்லாம் இப்போதே தெரிந்தது. கம்ப்யூட்டர் பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது.

அப்பாவால் முடிவெடுக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் முடிவெடுக்க முடியாவிட்டால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். பிள்ளையார் கோயிலில் அப்பா நந்தியாவட்டையை ஒரு வாழையிலைத் துண்டிலும் செவ்வரளியை இன்னொன்றிலும் வைத்து, வெளியே தெரியாமல் மடித்து நாரால் கட்டினார். வெள்ளை வந்தால் கோயம்புத்தூர், சிவப்பு வந்தால் பாளையங்கோட்டை. பட்டர் அவற்றைச் சாமி காலடியில் உருட்டிவிட்டுக் கற்பூரம் காட்டினார். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

அப்பா முகம் வெளிறியது. "கற்பூரம் சட்டுனு அணஞ்சிட்டு. இது கணக்கில்ல" என்றார்.

மறுபடி கட்டினார். மறுபடி எடுத்தேன். மறுபடி வெள்ளை.

"நார் முடிச்சப் பாத்து எடுத்திருப்பா" என்று அப்பா புது இலை கேட்டார்.

"அண்ணாச்சி, சாமிய சோதிக்கப்பிடாது" என்றார் பட்டர். அப்பா காதில் வாங்கவில்லை. கட்டி முடித்து, "எடும்மா" என்றார்.

நான் எடுக்கவில்லை. அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கிருந்து வந்ததோ தெரியாது, கேட்டுவிட்டேன்.

"அப்பா, இப்ப செவப்பு வந்தா இன்னொருக்கா கேப்பியளா?"

அடி விழும் என்றே நினைத்தேன். அப்பா பிள்ளையாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாட்டேம்மா" என்றார். பிறகு, "ஏளா, அவ்வளவு தூரம் ஒன்ன அனுப்ப எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தாம்ப்பா இருக்கு. ஆனா அங்கதான் படிக்கணும்."

அப்பா பொட்டலங்களைப் பிரிக்கவில்லை. அவற்றைச் சாமி காலடியிலேயே விட்டுவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். "என்ன வந்துச்சு?"

"கோயம்புத்தூர்தான்" என்றார் அப்பா.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "பிள்ளையாரே சொல்லிட்டாரு. இனி என்ன பயம்?"

பிள்ளையார் இரண்டு தடவை சொல்லியும் அப்பா கேட்கவில்லை. நான் ஒரு தடவை சொன்னதும் கேட்டுவிட்டார். அங்கே போய் நான் தோற்றால் யாரைக் குறை சொல்வேன்?