தழும்பும் சேர்ந்ததுதான் கை

ஹசீனா போய்விட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது நான் மந்தைவெளியில், எங்கள் அலுவலகத்தில், அவளுக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததிலிருந்தே நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். கேஸ்தான் என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டு, யாரோ ஒரு நகைக்கடைக்காரரின் விசிட்டிங் கார்டைத் திருத்த உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கார்டு ஒரு நாள் தாமதமாகப் போயிருந்தால் தியாகராய நகரில் எந்தக் கடையும் இடிந்து விழுந்திருக்காது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் அவள்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அன்று மாலைக்குள் நம் வாடிக்கையாளர் வாட்ஸப் குழுவில் நீங்கள் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். 'என்றும் சிரித்த முகம்.' முதலில் எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. மற்றவர்கள் எல்லோரும் அதையே எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். கடைக்காரர்களே, உங்களில் பாதிப் பேரை அவள் எங்கள் மாடிப்படி வரை விரட்டியிருக்கிறாள். பேருக்குக்கூட அவள் உங்களைப் பார்த்துச் சிரித்ததில்லை. செத்துப்போனால் ஒருத்தியின் முகத்தை இப்படித் திருத்தி எழுதிவிடலாமா?

அவள் லோகோ வரைகிறவள், நான் வாடிக்கையாளர்களோடு பேசுகிறவள். இருவரும் பங்குதாரர்கள். உங்களைப் போன்ற சின்னக் கடைகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. பெரிய கம்பெனிகள் பெருங்குடிப் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறவர்களிடம் போய்விடும். 'என்ன கலர் பிடிக்கும்' என்று ஹசீனா யாரையும் கேட்டதில்லை. கடைக்கு வந்து ஒரு காலை முழுக்க ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நீங்கள் சொல்வதைக் காதில் வாங்க மாட்டாள். உங்கள் கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். 'வாய் பொய் சொல்லும் நைனா, கை சொல்லாது' என்பாள். ஆண், பெண், பெரியவர், சின்னவர் எல்லோரும் அவளுக்கு நைனாதான்.

அடையாறில் பைக் மெக்கானிக் ஒருவருக்கு அப்படித்தான் ஒரு காதை வரைந்து கொடுத்தாள். அவர் எந்த வண்டி வந்தாலும் முதலில் ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, குனிந்து காதைக் கொடுத்துக் கேட்பார். படத்தைப் பார்த்ததும் மனுஷன் கொதித்துவிட்டார். 'ஸ்பேனர் போடுங்க, வீல் போடுங்க. காது எதுக்கு மேடம்? என்னைச் செவிடுன்னு நினைச்சுக்கப் போறாங்க!'

'ஸ்பேனர் ஊருக்கே கீது நைனா. உன் காது யாருகிட்ட கீது?' என்றாள் ஹசீனா.

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். இன்று அந்தப் பக்கத்தில் வழி கேட்டால் 'காதுக்கடை தாண்டி' என்கிறார்கள்.

ராஜேஸ்வரியின் கையும் அப்படி வந்ததுதான். மயிலாப்பூரில், மாட வீதியை ஒட்டிய சந்தில் பொடிக்கடை வைத்திருக்கிறாரே, அவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் போன பிறகு, அதுவரை வீட்டுக்கு மட்டும் அரைத்த பொடியைக் கடையில் வைத்து விற்க ஆரம்பித்தார். அவர் தராசை நம்புகிறவர் இல்லை. உப்பையும் பெருங்காயத்தையும் மூன்று விரலால் கிள்ளித்தான் போடுவார். ஹசீனா அந்த மூன்று விரலை வரைந்தாள். ஆள்காட்டி விரலில் தோசைக்கல் சுட்ட பழைய தழும்பு ஒன்று உண்டு. கோட்டில் சின்னதாக ஒரு வெட்டு விட்டு அதையும் வைத்தாள். ராஜேஸ்வரி படத்தையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'இது என் கைல்லா!' என்றார்.

ஃப்ளெக்ஸ் போர்டு அச்சாகி வந்த அன்று பார்த்தால் தழும்பைக் காணோம். பிரிண்ட் போட்டவர் பெருமையாகச் சொன்னார்: 'விரல்ல ஒரு பிசிறு இருந்துச்சு மேடம். நானே க்ளீன் பண்ணிட்டேன்.' கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உதவி செய்ததாகத்தான் நினைத்தார். ஹசீனா அந்த போர்டை அங்கேயே சுருட்டி அவர் கையில் திணித்தாள். 'தழும்பும் சேர்ந்ததுதான் நைனா கை. இது பொம்மைக் கடை கை. எட்துக்கினு போய் வேற போடு.' மறுபடியும் அச்சடித்துத்தான் மாட்டினார்கள்.

பொடி நன்றாக விற்கத் தொடங்கியதும்தான் ராஜேஸ்வரியின் கொழுந்தன் எங்கள் படியேறினார். அதுவரை அந்தச் சந்துப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். கையை எடுத்துவிட்டு, வட்டத்துக்குள் தன் படத்தைக் கும்பிட்டபடி போட வேண்டும், கீழே 'நிறுவனர்' என்று எழுத வேண்டும் என்றார். 'மதினிக்கு என்ன தெரியும்? அடுப்படியில நிக்கிறவங்க. யாவாரம்னா ஆம்பள மூஞ்சி ஒண்ணு வேணும்லா.'

'முடியாது' என்றாள் ஹசீனா. ஏன் என்று அவர் கேட்டதற்கும் பதில் 'முடியாது'தான். நான்தான் பின்னாலேயே போய், 'பார்க்கலாம் சார்' என்று சமாதானம் சொல்லி, கீழே கடையில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். எப்போதும் நடப்பதுதான். 'நான் ஒர்த்தன வெளிய தள்ளிக்கினு இருப்பேன், நீ அவனுக்கு டீ வாங்கிக் குட்த்துக்கினு இருப்பே' என்று அவள் என்னைத் திட்டுவாள். அவள் இருக்கும்வரை எனக்கு அது வசதியாக இருந்தது.

அந்த மனிதர்தான் ஹசீனா இறந்த அன்றே எனக்குப் போன் செய்தார். ராயப்பேட்டையில் அவள் வீட்டில் இருந்தேன். ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் தெருமுனை திரும்பியிருந்தார்கள். அவளுடைய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 'கேள்விப்பட்டேன் மேடம், மனசே சரியில்ல' என்று ஆரம்பித்தார். ஒரு மூச்சு விட்டுவிட்டு, 'அந்தக் கை லோகோ விஷயமா உங்க கையெழுத்து ஒண்ணு வேணும். எப்ப வரட்டும்?' என்றார். நீங்களே சொல்லுங்கள், இதற்கு என்ன பெயர்?

மறுவாரம் வந்தார். தட்டச்சு செய்த காகிதம் ஒன்றை நீட்டினார். இந்தக் கைச் சின்னத்தை ஹசீனா அவருக்காகத்தான் வரைந்தாள் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் சின்னத்தை அவர் பெயரில் பதிவு செய்ய மனுப் போடுவார். இல்லை என்று சொல்ல ஹசீனா இல்லை. அந்தத் துணிச்சல்தான்.

'அவங்க பேரும் இதுல வருது பாருங்க. செத்தவங்களுக்கு ஒரு மரியாததானே மேடம்.'

'அப்புறம் ராஜேஸ்வரி பாக்கெட்டில் என்ன போடுவாங்க?'

'என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போட்டுக்கிடட்டும். குடும்பம்தானே, விட்டுக்கொடுக்க மாட்டனா?'

தன் விரலைத் தன் பாக்கெட்டில் அச்சடிக்க ராஜேஸ்வரி இவரிடம் உத்தரவு கேட்க வேண்டுமாம். அப்போதும் பாருங்கள், 'பார்க்கலாம் சார்' என்பது என் தொண்டை வரை வந்துவிட்டது. பழக்கதோஷம். எதிரே ஹசீனாவின் நாற்காலி காலியாக இருந்தது.

'கையைக் காட்டுங்க' என்றேன்.

'என்ன மேடம்?'

'வலது கை. நீட்டுங்க.'

ஏதோ கொடுக்கப்போகிறேன் என்று நினைத்து நீட்டினார். மோதிரம் போட்ட, அடுப்புப் பக்கமே போகாத கை. சுவரில் நாங்கள் பெரிதாக ஒட்டி வைத்திருக்கும் மூன்று விரல் படத்துக்குக் கீழே அதைப் பிடித்து வைத்தேன். 'அந்தத் தழும்பு உங்க விரல்ல எங்க சார் இருக்கு?'

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

'முடியாது. நீங்க போகலாம்' என்றேன். டீ சொல்லவில்லை.

அவர் படியிறங்கியதும் நான் ஒரு காகிதத்தை எடுத்து, அது ராஜேஸ்வரிக்காக, ராஜேஸ்வரியின் கையைப் பார்த்து ஹசீனா வரைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மயிலாப்பூருக்கு நடந்தே போய்க் கொடுத்தேன். ராஜேஸ்வரி பொடி ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார். 'அவுக இருந்திருந்தா உங்கள வஞ்சிருப்பாக, எதுக்கு இவ்ளோ நீளமா எழுதுனீயன்னு' என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். வாடிக்கையாளர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

ஹசீனாவுக்கு இரங்கல் கூட்டம் வைக்கப் போகிறீர்களாம். வையுங்கள், வருகிறேன். பேனருக்குப் படம் நான் தருகிறேன். அதில் அவள் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கிறது, நெற்றியில் கோடு இருக்கிறது, 'இன்னா இப்ப?' என்று கேட்கிற மாதிரி பார்க்கிறாள். ஒன்றையும் க்ளீன் பண்ணச் சொல்லாதீர்கள். அவளிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்த ஒரு 'முடியாது'தான். இதுவரை ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தில் கை வைத்தால், அடுத்த ஆள் நீங்கள்தான்.