பந்து போடுகிறவளின் ஷூ

கடலூரில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்காரர் என் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கா? ஸ்கேட்டிங் ஷூ காட்டவா?" என்று கேட்டார். சாஃப்ட்பாலுக்கு என்றேன். அவர் ஒரு டென்னிஸ் பந்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மகள் பள்ளிக் குழுவில் சேரும்வரை எனக்கும் அந்த விளையாட்டு தெரியாது. கிரிக்கெட் பந்தைவிடப் பெரிய பந்து. பிட்சர் என்று ஒருத்தி மைதானத்தின் நடுவில் நின்று, கையை ராட்டினம்போல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விட வேண்டும். எதிரே நிற்பவள் மட்டையால் அடிப்பாள். என் மகள் பிட்சர். அப்போது பதினொன்றாம் வகுப்பு.

கைதான் பந்து போடுகிறது என்று நினைத்திருந்தேன். மருந்துக்கடை வேலை முடிந்து அவளை அழைத்துவரப் போகும் சாயங்காலங்களில் பார்த்துப் பார்த்துத்தான் புரிந்தது, கால்தான் போடுகிறது. வலது காலால் தரையை உதைத்து, இடது காலை எட்டி முன்னால் ஊன்றுவாள். உதைத்த கால் சும்மா வராது. கட்டைவிரல் பக்கம் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே பின்னால் வரும். அவளுடைய வெள்ளை கேன்வாஸ் ஷூவில் வலது முனை தேய்ந்து, விரல் வெளியே தெரிந்தது. ஊன்றும் கால் சறுக்கினாலோ, பந்து ஆளுயரத்துக்கு மேலே போய்விடும்.

கடைக்காரர் ஃபுட்பால் ஷூவை எடுத்துக் கொடுத்தார். அடியில் நீளநீளமான குமிழ்கள். ஆம்பளைப் பிள்ளைகளின் அளவு. குதிகால் உள்ளே ஆடியது. மகள் கடைக்குள்ளேயே ஒரு வீச்சு வீசிப் பார்த்தாள். டைல்ஸில் வழுக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம கிரவுண்டு காஞ்ச மண்ணும்மா. இதப் போட்டா கல்லு மேல நிக்கற மாதிரி இருக்கும்" என்றாள். அடுத்து இரும்பு முள் வைத்த ஸ்பைக்ஸ் வந்தது. ஸ்கூல் மேட்ச்சில் இரும்பு கூடாது என்று அதையும் அவளே தள்ளிவிட்டாள். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பதற்குள் தூங்கி விழுகிறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனோம். தெற்கு வீதியை ஒட்டிய ஒரு சின்னக் கடையில் ஹாக்கி ஆடுகிறவர்கள் போடும் ஷூ கிடைத்தது. அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள், நெருக்கமாக. குதிகாலைக் கவ்விப் பிடித்தது. "வெளில போயி போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, பந்து இல்லாமலே கையைச் சுழற்றி வீசினாள். ஆட்டோக்காரர் ஒருவர் பதறி பிரேக் போட்டு, "ஏம்மா, யார அடிக்கப் போற?" என்றார். மகள் சிரித்தாள். கால் அசையவே இல்லை. அதையே வாங்கினோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, வலது முனையில் மட்டும் தடித்த தோலாக ஒரு துண்டு வைத்துத் தைத்துக்கொண்டோம்.

அதன்பிறகு அவள் பந்து போடுவதைப் பார்க்கவே தனி அழகாக இருந்தது. பந்து கையைவிட்டுப் போனதும் எதிரில் பந்து பிடிக்கிறவளின் மிட்டில், அந்தப் பெரிய தோல் கையுறையில், 'டப்' என்று கேட்கும், அவ்வளவுதான்.

ஆனால் பள்ளியில் இன்னொரு பிட்சர் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. குழுவுக்கு ஜெர்சி, மிட், மட்டை எல்லாம் அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. மாவட்டப் போட்டி சிதம்பரத்தில் என்று தெரிந்ததும் பி.டி. சார் என்னிடம் சொன்னார்: "அவ சீனியரும்மா. காலேஜ் சீட்டுக்கு சர்ட்டிபிகேட் வேணும். ஒங்க பொண்ணு ரிசர்வ்ல இருக்கட்டும். அடுத்த வருஷம் இவதான்." நியாயம்தானே என்று நானே மகளைச் சமாதானப்படுத்தினேன்.

போட்டி நாளன்று விடியற்காலையிலிருந்து தூறல். மைதானம் களிமண். அந்தப் பெண் விலை உயர்ந்த ரன்னிங் ஷூ போட்டிருந்தாள்; அடி வழவழவென்று இருக்கும் ரகம். முதல் பந்திலேயே இடது கால் சறுக்கியது. அடுத்தடுத்த பந்துகள் எங்கெங்கோ போயின. நாலு பந்து அப்படித் தப்பிப் போனால் அடிக்கிறவளுக்கு முதல் பேஸ் சும்மாவே கிடைத்துவிடும்; அடிக்காமலே எதிரணிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக நடந்து போய் அங்கே நின்றார்கள். சார் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, என் மகளைக் கூப்பிட்டார்.

அவள் எழுந்த வேகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தோளில் போட்டிருந்த துண்டை நாற்காலியில் வீசிவிட்டு, கையைச் சுழற்றிக்கொண்டே ஓடினாள். நான் குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்றேன்.

சார் அவள் காலைப் பார்த்தார். "சைஸ் என்ன?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "அஞ்சு சார்" என்றாள்.

"அவளுக்கும் அஞ்சுதான். கழட்டிக் குடு. சீக்கிரம்."

நான் வேலியோரம் ஓடினேன். "சார், ஷூவ ஏன் சார் மாத்தணும்? இவளயே போடச் சொல்லுங்களேன்."

"டீம்னா அப்படித்தாம்மா. பேரன்ட்ஸ் உள்ள வராதீங்க" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

மகள் ஈர மண்ணில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். அவசரத்தில் முடிச்சு இறுகிப் போயிருந்தது. அந்தப் பெண் தன் ஷூவை நீட்டினாள். இவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். சாக்ஸோடு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைக் கீழே படாமல் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஜெயித்தார்கள். அந்தப் பெண் நன்றாகவே போட்டாள், அதை மறைப்பதற்கில்லை. குழுவாகப் படம் எடுத்தபோது கோப்பையோடு முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். என் மகள் பின்வரிசையில், கால் தெரியாதபடி. பிறகு அந்தப் பெண் ஷூவை ஒரு பாலிதீன் பையில் போட்டு என்னிடம் கொடுத்து, "தேங்க்ஸ் ஆன்ட்டி, செம்ம கிரிப்பு" என்றாள். வெகுளியாகத்தான் சொன்னாள். முனையில் தைத்த தோல் பிய்ந்து தொங்கியது.

பஸ்ஸில் என் வீட்டுக்காரருக்கு போன் செய்து கொதித்தேன். "வுடு, ஷூவுக்கோசரம் வாத்தியாரப் பகைச்சிக்குவியா?" என்றார். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அழுதிருந்தாலாவது தேவலை.

அந்தச் சீனியர் பெண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. சார் சொன்ன அடுத்த வருஷமும் வந்தது. மகள் பயிற்சிக்குப் போகவில்லை. கேட்டதற்குப் படிப்பு ஜாஸ்தி என்றாள். விடாமல் கேட்டேன். "மழ பேஞ்சா மறுபடியும் என் காலத்தாம்மா பாப்பாங்க" என்றாள்.

இப்போது கடலூரிலேயே பி.காம் படிக்கிறாள். போன மாதம் மஞ்சக்குப்பத்தில் காய்கறி வாங்கும்போது சாரைப் பார்த்தேன். அவராகவே வந்து பேசினார். "ஒங்க பொண்ணு எவ்ளோ டேலண்ட்டு தெரியுமாம்மா? நடுவுல வுட்டுட்டா. நீங்கதான் கொஞ்சம் என்கரேஜ் பண்ணியிருக்கணும்."

"ஆமாம் சார்" என்றேன். அவர் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன். கத்தரிக்காய்க்குப் பையை நீட்டினேன். அவர் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொல்ல வேண்டியவை எல்லாம் ஒவ்வொன்றாக வாய்க்கு வந்தன. காய்க்காரம்மா, "இன்னாக்கா, தனியாப் பேசினுக்கற?" என்று கேட்டாள்.