இரண்டு புள்ளி இரண்டு

எனக்கு வாய் நீளம் என்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். பயம் அதைவிட அதிகம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம். ஆய்வுப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. நீராவிக் குழாய்களின் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மீயொலிக் கருவியால் அளப்பது என் வேலை. குழாயில் கிரீஸ் தடவிக் கருவியின் முனையை அழுத்தினால், ஒலி உள்ளே போய்ச் சுவரின் மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும். மில்லிமீட்டரில் எண் தெரியும். அன்று காலை பாய்லர் கூடத்தில் ஒரு குழாய் வளைவை அளந்தேன். 1.8-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். எதுவும் போகவில்லை. ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"பக்காவா மேடம்?" என்றார் பாய்லர்காரர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஐம்பது வயதிருக்கும். பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும்.

"என் கையெழுத்து பக்கா இல்லேன்னா வேற யாருது பக்கா?"

"ஹவ், அதுவும் சரிதான்" என்று சிரித்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வளைவைத் தாளில் வரைந்து எண்களை நிரப்பினேன். வளைவின் வெளிமுதுகை நெருங்க நெருங்க 3.4, 2.6, 1.9. வெளிமுதுகில் 2.2. பேனா நின்றுவிட்டது. நீராவி மோதித் தேய்ப்பதே அந்த வெளிமுதுகைத்தான். அங்கே மட்டும் இரும்பு எப்படிக் கூடும்? சுவர் மிகவும் மெலிந்துவிட்டால் கருவி முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடிக்கும். இருப்பதைப்போல இரண்டு மடங்கு காட்டும். பயிற்சியில் படித்ததுதான். அப்படியானால் அங்கே இருப்பது 1.1.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தப்பாக அளந்தவள் என்று பெயர் வரும், பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று அதிகாரி சொல்வார், நிரந்தரம் போய்விடும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. பாவி, அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் ஓடினேன்.

நீராவியைத் திறந்தாகிவிட்டது. வால்வுச் சக்கரம் அந்த வளைவுக்கு நேர் கீழே. பாய்லர்காரர் அதன் பக்கத்தில் நின்று துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வெளிய வந்துடுங்க. அந்த வளைவு தாங்காது. நான் தப்பா அளந்துட்டேன்."

மேலே ஒருமுறை பார்த்தார். "மூடாம எப்படி வர்றது? வெடிச்சா கூடத்துல இருக்கிற எல்லாரும் வெந்துடுவாங்க."

நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

"நக்கோ மேடம். கிட்ட வராதீங்க."

தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பெரிய சக்கரம், இறுகிப்போன திருகு. அவர் தலைக்கு ஒரு முழம் மேலே வளைவு. ஒவ்வொரு சுற்றுக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கும்பிடலாம் என்றால் ஒரு சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

மூடிவிட்டு வந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. மறுநாள் வளைவை அறுத்துப் பார்த்தார்கள். வெளிமுதுகில் நான் அளந்த இடத்தில் 1.1, பக்கத்திலேயே ஓரிடத்தில் தகர டப்பாவின் கனம்தான் இருந்தது.

"எப்ப மேடம் தெரிஞ்சது?" என்று பாய்லர்காரர் கேட்டார்.

"அப்பத்தான் அண்ணே. தெரிஞ்சதும் ஓடி வந்தேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத் கடைத்தெருவில் மனைவியோடு எதிரே வந்தார். "நான் சொன்னேன்ல, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ஓடி வந்தாங்கன்னு. இவங்கதான்" என்றார். அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.