மதியத்தில் ஏறிய முள்

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றில், எடப்புளி நாட்டு மலைமேட்டில் பட்டாளத்தார் ஒரு வயர்லெஸ் கொட்டகை போட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே மின்சாரம் எடுக்க ஓர் எஞ்சின், பக்கத்தில் வரிசையாகப் பேட்டரிகள். அவற்றுக்கு ஊற்ற, காய்ச்சி வடித்த தண்ணீர் அடிவாரத்திலிருந்து கண்ணாடி ஜாடியில் வரும். வாரம் ஒரு ஜாடி. சுமந்து மலையேறியவள் பாப்பாயி. மரவள்ளிக் காடு வைத்திருந்த, நாற்பது வயதுக்காரி.

சித்திரையில் வாரத்துக்கு மூன்று ஜாடி வேண்டியதாயிற்று. பேட்டரிகள் உலைபோல் கொதித்து வற்றின.

"வழியில கொட்டிட்டு ஊத்துத் தண்ணிய ரொப்பிக் கொண்டாறயா? அதான் பேட்டரி கெட்டுக் கொதிக்குதா?" என்றார் கொட்டகைப் பொறுப்பிலிருந்த ஹவில்தார் அருணாசலம்.

"வாய மெழுகு வெச்சு அடைச்சிருக்குதுங்களே, நான் எப்படிங்க தொறக்கறது?"

அவர் நம்பவில்லை; ஜாடி வரும்போதெல்லாம் மெழுகைச் சோதித்தார். அன்றிலிருந்து பாப்பாயிக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊற்றருகே ஜாடியை இறக்கினோமா, இல்லையா? மெழுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

சேந்தமங்கலத்திலிருந்து மெக்கானிக் ஜமால் முகமதுவை வரவழைத்தார்கள். எஞ்சினுக்கு மேலே சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. மின்சாரம் அளவு மீறிப் பேட்டரிக்குப் போகாமல் தடுக்கும் ரெகுலேட்டர் அது. காலையில் அவர் அதன் திருகைச் சரிசெய்தார். பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டரின் முள் கோட்டில் நின்றது. மதியம் பார்த்தால் கோட்டைத் தாண்டியிருந்தது.

"இந்தத் திருகைத் தொட்டது யாரு?" என்றார் ஜமால்.

யாரும் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. ஹவில்தாரின் பார்வை பாப்பாயிமேல் விழுந்தது.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போகவில்லை. தன்மேல் விழுந்த பழிக்குக் காரணம் என்னவென்று பார்த்துவிட, கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்தாள். வெயில் ஏற ஏற முள்ளும் மெல்ல ஏறியது. ஒரு கையும் பெட்டிப் பக்கம் போகவில்லை. எழுந்து பெட்டியைத் தொட்டவள் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள்.

"அடுப்பாட்டம் சுடுதுங்க பாய்!"

என்ன நினைத்தாளோ, தலையிலிருந்த ஈரச் சும்மாட்டை எடுத்துப் பெட்டிமேல் வைத்துவிட்டாள். "ஐயோ, எடுங்கக்கா!" என்று ஓடிவந்த ஜமால் பாதியில் நின்றார். முள் இறங்கிக்கொண்டிருந்தது.

சூட்டில் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளின் காந்தப் பிடி தளர்கிறது, அதனால் மின்சாரம் கூடிவிடுகிறது என்று அவர் விளக்கினார். "இரும்புக்கும் மயக்கம் வருமா?" என்றாள் பாப்பாயி.

பெட்டியைக் கழற்றி, வடக்குச் சுவருக்கு வெளியே புல்லால் சிறு சாய்ப்பு இறக்கி அதன் நிழலில் மாட்டினார்கள். அடுத்த வாரம் ஒரு ஜாடி போதுமானதாக இருந்தது. ஹவில்தார் மன்னிப்புக் கேட்கவில்லை; ஆனால் மெழுகைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மார்கழிப் பனியில் கதை தலைகீழானது. முள் கோட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டது, பேட்டரியில் மின்சாரம் ஏறவேயில்லை.

"குளிரு ஒத்துக்கலைக்கா" என்றார் மறுபடி வந்த ஜமால்.

"வெயிலும் ஆகாது, பனியும் ஆகாதுன்னா இது எந்த ஊருப் பொருளுங்க?"

பெட்டி மறுபடியும் எஞ்சின் பக்கம் போனது. பட்டாளம் மலையிறங்கும்வரை அதை எப்போது உள்ளே மாட்டுவது, எப்போது வெளியே மாட்டுவது என்பதைப் பாப்பாயியைக் கேட்டே செய்தார்கள். தொட்டுப் பார்த்துச் சொல்வாள். ஏன் என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.