மாத்திரை போட்ட மாசம்

"பை இருக்கும்மா. உள்ளே பிள்ளையைக் காணோம்" என்று டாக்டரம்மா சொன்னார். அது 2005-ஆம் வருஷம், வைகாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. சிவகாசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், ஸ்கேனுக்காக வயிற்றில் பூசிய பசையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் படுத்திருந்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோய்விட்டது.

மாரியம்மனை நம்பி இருக்கிற அக்கா தங்கச்சிகளே, அவள் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேசச் சொன்னால் பொழுதுக்கும் பேசுவேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விஸ்வநத்தத்தில் வாக்கப்பட்டவள். கட்டிக்கொண்டது அத்தை மகனை. அவர் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் பேப்பர் வெட்டுகிறார். நான் பட்டாசு கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் செக்‌ஷனில் இருந்தேன். கல்யாணமாகி இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது தடவை வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதிரம் கொட்டி, கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பிழைத்ததே பெரிய காரியம்.

அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பட்டாசு மருந்து வாடை என்றார்கள், சொந்தத்தில் கட்டியதுதான் என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஆளில்லை. "உங்க வீட்டுல யாரும் சொந்தத்துல கட்டலையா? அவுகளுக்கெல்லாம் பிள்ள பெறக்கலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

அந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு அம்மனுக்கு அக்னிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். காப்புக் கட்டி, விரதமிருந்து, மஞ்சள் சேலையோடு எடுத்தேன். தீ எரிகிற சட்டி கையில் பூப்போல இருந்தது. வைகாசியில் நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று தெரிந்ததும் என் மச்சான், அதுதான் என் வீட்டுக்காரர், சிவகாசி ஆஸ்பத்திரிக்கே போவோம் என்று வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் தடவை போகிறவர்களுக்குச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். பிள்ளைக்கு நல்லது என்று ஒரு சின்ன சத்து மாத்திரை தினமும் போடச் சொல்வார்கள். தீட்டு வந்த நாளைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு கேள்வி கேட்பார்கள்.

"கடைசியாத் தலைக்கு ஊத்துனது எப்பம்மா?"

"மாசிக் கடைசிங்க" என்றேன். டாக்டரம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அப்ப பத்து வாரம் ஆச்சு" என்று எழுதிக்கொண்டார். ஸ்கேனுக்கு முன்னால் தண்ணீர் குடித்து, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். எனக்கு முன்னால் ஏகப்பட்ட பேர். வயிறு முட்டிக்கொண்டிருக்கும்போது மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேலி பேசுகிறார்.

"சிரிக்க வச்சீகன்னா இங்கனயே கொட்டிரும், சும்மா இருங்க" என்றேன். அதுதான் அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது.

ஸ்கேன் அறையில், ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். எனக்கு அது எதற்கு? இருந்தால் போதும். டாக்டரம்மா அந்தக் கருவியை வயிற்றில் வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினார். பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம்தான் பிள்ளையைக் காணோம் என்ற அந்த வார்த்தையைச் சொன்னார்.

மச்சானை உள்ளே கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னார். "பத்து வாரக் கணக்குக்குப் பிள்ளை உருவம் தெரியணும், துடிப்பும் தெரியணும். இங்க பை மட்டும்தான் இருக்கு. வளராம நின்னுருச்சுன்னு தோணுது. போன தடவை உங்க வீட்டம்மாவுக்கு ரொம்ப உதிரம் போயிருக்கு. அதனால ரொம்ப நாள் விட வேண்டாம். திங்கக்கிழமை வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க, சுத்தம் பண்ணிரலாம்."

சுத்தம் பண்ணுவதாம். வீட்டைச் சுத்தம் பண்ணலாம், பாத்திரத்தைச் சுத்தம் பண்ணலாம். என் பிள்ளை என்ன அழுக்கா? டாக்டரம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வார்த்தை மேல் அவ்வளவு கோபம். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார், அந்த அத்தை, முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். எனக்குக் களி கிண்டிக் கொடுக்க எடுத்து வைத்திருந்த உளுந்த மாவைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் வேலைக்குப் போகவில்லை, மச்சானும் போகவில்லை. உச்சிப்பொழுதில், நடை சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குப் போனேன். மச்சான் பின்னாலேயே வந்தார். கோயிலில் வேறு யாரும் இல்லை. நான் கும்பிடவில்லை. கையைக் கூப்பக்கூட இல்லை. சண்டைதான் போட்டேன்.

"ஏ ஆத்தா! உனக்கு நான் என்ன கொற வச்சேன்? வெரதம் தப்புனேனா, சட்டியக் கீள போட்டேனா? வீட்டுக்குத் தூரமாயிரக் கூடாதுன்னு மாத்திர வாங்கிப் போட்டு, தல சுத்தலோட வேலைக்குப் போயி, நாளத் தள்ளி வச்சில்ல உனக்குச் சட்டி எடுத்தேன்! அதுக்கு நீ எனக்குச் செய்யிறது இதுதானா? ஒத்தப் பிள்ளைய என் வயித்துல வைக்க உனக்கு மனசு வரலையா?"

சொல்லிவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"என்ன மாத்திர?" என்று பின்னாலிருந்து மச்சான் கேட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "அது பொம்பளைக விசயம். உங்களுக்கு எதுக்கு?"

"அதில்ல பிள்ள. நாளத் தள்ளி வச்சேங்கிறியே. தள்ளி வச்ச நாளு அப்புறம் எப்ப வந்துச்சு?"

"மாத்திரைய நிறுத்துனதும், சித்திர பெறந்தப்ப கொஞ்சம் பட்டுச்சு. மாத்திர போட்ட மாசம் கணக்குல சேராது."

"யாரு சொன்னா?"

"எங்க செக்‌ஷன்ல எல்லாரும் சொல்லுவாக."

"டாக்டரம்மா சொன்னாகளா?"

அழுகையை நிறுத்திவிட்டு மச்சானைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆம்பளைகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று சொல்கிறேன். திருவிழா நெருங்கினால் எங்கள் செக்‌ஷனில் இது சகஜம். விரத நாளில் தீட்டு வந்துவிட்டால் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது, வருஷமெல்லாம் காத்திருந்தது வீணாகப் போகும். அதனால் ஒருத்தி மெடிக்கலுக்குப் போய் நாலைந்து பேருக்குச் சேர்த்து நாள் தள்ளிப் போகிற மாத்திரை வாங்கி வருவாள். திருவிழா முடிந்ததும் நிறுத்திவிடுவோம், அதன்பிறகு பட்டுவிடும். அது மருந்து வெளியே வருவதுதான், நிஜமான நாள் இல்லை என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிச் சொல்லி அதைச் சட்டமாகவே ஆக்கி வைத்திருந்தோம். டாக்டரம்மா கேட்டபோது சித்திரை என் நினைவுக்கே வரவில்லை.

மச்சான் விபூதியைக்கூட எடுக்கவிடவில்லை. அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டார். டாக்டரம்மா சாயங்காலம்தான் வந்தார். அதுவரைக்கும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தோம்.

மாத்திரை விஷயத்தைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, இதை நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலையேம்மா" என்றேன். அந்த அழுகையிலும் வாய் அடங்கவில்லை பாருங்கள்.

"ஆமா. நானும் கேட்டிருக்கணும்" என்றார். எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர், என்னிடம் அப்படிச் சொன்னார். அப்புறம் விளக்கினார். "சித்திரையில பட்டதுதான் உனக்குக் கணக்கு. அதுல இருந்து எண்ணினா இப்பதான் அஞ்சு வாரம் தாண்டியிருக்கு. அஞ்சு வாரத்துல பை மட்டும் தெரியறது சாதாரணம். துடிப்பெல்லாம் இனிமேதான் தெரியும். திங்கக்கிழமை நீ வர வேண்டாம். ஆனா எல்லாம் நல்லா இருக்குன்னு நான் இப்ப சத்தியம் பண்ண மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வா, மறுபடி பார்ப்போம். நடுவுல வலிச்சாலோ, உதிரம் பட்டாலோ உடனே வந்துரணும்."

"நான் போட்ட அந்த மாத்திர பிள்ளைய எதுவும் செஞ்சிருக்குமாம்மா?"

"பிள்ளை தங்குறதுக்கு முன்னாடியே நீ அதை நிறுத்திட்ட. அதை நினைச்சு மனசை அலட்டிக்காத."

அந்தத் திங்கட்கிழமை காலையில் அத்தை இட்லி அவித்து, தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "வெறும் வயித்தோட வரச் சொன்னாகளாமே. வயிறு முட்டத் தின்னு" என்றார். அத்தை என்னிடம் அவ்வளவு ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை. தின்றேன். தின்றதெல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. வாந்தி எடுத்ததற்குச் சந்தோஷப்பட்டு அழுத மாமியாரும் மருமகளும் எங்கள் தெருவில் நாங்கள்தான்.

அந்த இரண்டு வாரமும் நான் அம்மனிடம் சண்டை போடவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. கேட்கப் பயமாக இருந்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "நீ பாத்துக்க ஆத்தா" என்று மட்டும் சொல்லுவேன்.

மறுபடியும் தண்ணீர், மறுபடியும் அதே கட்டில், அதே ஜில்லென்ற பசை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். டாக்டரம்மா மறுபடியும் பேச்சை நிறுத்தினார். "கண்ணைத் திற" என்று டிவியை என் பக்கம் திருப்பினார். ஒரு கறுப்புப் பைக்குள் வெள்ளையாக, ஒரு அவரை விதை அளவுகூட இருக்காது. அதன் நடுவில் மினுக் மினுக் என்று ஏதோ ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

"அதுதாம்மா துடிப்பு. கணக்குக்குச் சரியா இருக்கு."

அழுதேன். அழுத அழுகையில், அடக்கி வைத்திருந்தது தாங்கவில்லை. எழுந்து ஓடினேன். வாசலில் நின்ற மச்சானைத் தாண்டி, அழுதுகொண்டே கக்கூஸைப் பார்த்து ஒரே ஓட்டம். திரும்பி வந்தால் மனுஷர் தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்திருக்கிறார்.

"ஏன் மச்சான் இப்படி உக்காந்துட்டீக? பிள்ள நல்லா இருக்கு. நெஞ்சு துடிக்குது, நான் பாத்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஓடுறதுக்கு முன்னாடி ஒத்த வார்த்த சொல்லிட்டு ஓடக் கூடாதா பிள்ள? நான் செத்துப் பொளச்சேன்."

தை மாதம் மகள் பிறந்தாள். பங்குனிப் பொங்கலுக்குக் கரும்பில் தொட்டில் கட்டி, அதில் அவளைப் போட்டு, நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தோம். சுற்றி முடிக்கும் வரை நன்றாகத் தூங்கினாள்.

என்னிடம் சிலர் கேட்கிறார்கள், டாக்டர் கணக்கு தப்பியது, அப்புறம் சரியானது, இதில் அம்மன் எங்கே வந்தாள் என்று. நான் சொல்லுவேன். நான் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை, சொல்ல வேண்டிய ஆள் பின்னால் நிற்கும்போது, என் வாயாலேயே சொல்ல வைத்தாளே, அது யார்? என் பிள்ளையைக் காப்பாற்ற அவளுக்கு அசரீரி தேவைப்படவில்லை. என் சண்டையே போதுமாக இருந்தது. அதனால் உங்களுக்கும் சொல்கிறேன். மனதில் இருப்பதை அவளிடம் அப்படியே கொட்டுங்கள். கோபம் வந்தால் கோபமாகவே கொட்டுங்கள், அவள் தாங்குவாள். டாக்டரிடமும் ஒன்றை விடாமல் சொல்லுங்கள், மாத்திரை போட்ட மாசத்தையும் சேர்த்து. எங்கள் செக்‌ஷனில் இப்போது அதுதான் சட்டம்.

நான் அந்த மாத்திரையை அதற்கப்புறம் தொடவில்லை. போன வருஷம் சரியாகப் பங்குனிப் பொங்கலன்றைக்கே எனக்கு நாள் வந்துவிட்டது. கோயிலுக்குப் போகவில்லை, மகளை மச்சானோடு அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். மனது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. சாயங்காலம் மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். அம்மன் சப்பரத்தில் ஏறி எங்கள் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தாள். முன்னால் மச்சான் தோளில் என் மகள் உட்கார்ந்து, "அம்மா, சாமிய நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.