கீழ்த்தளத்து அறை

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவளுக்கு உட்கார ஒரு இடம் கிடைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பள்ளி நிர்வாகக் குழுவில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அவளை அந்த நாற்காலி வரைக்கும் இழுத்துவந்தது மகள்தான். வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். பிறவியிலேயே இடது கால் வளைந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலில் பட்டை மாட்டிக்கொண்டு நடக்கிற பெண். அவளுடைய ஆறாம் வகுப்பு இரண்டாவது மாடியில் இருந்தது. காலையில் அம்மா கைத்தாங்கலாக மேலே ஏற்றிவிட்டுக் கடைக்கு ஓடுவாள். மாலையில் பள்ளி ஆயா இறக்கிவிடுவாள். அப்பா வீட்டில் இருந்தால் அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவார். ஆனால் லாரி ஓட்டுகிறவர் வீட்டில் இருப்பதே அபூர்வம்.

ஒருநாள் சாயங்காலம் கழுவ எடுத்த தண்ணீர் பாட்டில், காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே கனத்தது.

"ஏண்டி, ஒரு வாய் கூடவா குடிக்கலை?"

"குடிச்சா பாத்ரூம் வரும்மா. அது கீழதானே இருக்கு."

"அதுக்குன்னு சாயங்காலம் வரைக்குமா?"

"பழகிடுச்சு," என்றாள் சுண்டு, ஏதோ முப்பது வருஷம் ஆபீஸ் போய் வந்தவள் மாதிரி.

அம்மா பாட்டிலை அப்படியே கவிழ்த்துக் கொட்டினாள். மறுநாளே தலைமையாசிரியையைப் பார்த்து, வகுப்பைக் கீழே மாற்ற முடியுமா என்று கேட்டாள்.

"கீழ இருக்கறது ஒரே ஒரு பெரிய ரூம்மா. அது குழு கூட்டம் நடத்தற ரூம். நானும் ஒருதடவை கேட்டுப் பாத்தேன். கிணத்துல போட்ட கல்லுதான்."

ஏசி, நீள மேசை, கேடயங்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. மாதம் ஒருமுறை திறக்கிற அறை.

குழுவில் பெற்றோர் பிரதிநிதி இடம் அப்போது காலியாக இருந்தது. வேறு யாரும் முன்வராததால் அவளே தேர்ந்தெடுக்கப்பட்டாள். வெளியூரிலிருந்து போனில் கணவர் அலுத்துக்கொண்டார்: "உனக்கு இருக்கற தலைவலி போதாதா?"

"தலைவலிக்குக் கடையில மாத்திரை இருக்குங்க. இதுக்குத்தான் இல்லை."

முதல் கூட்டம் முழுக்கப் பள்ளி வாசலில் கட்டப்போகும் வளைவைப் பற்றியே பேசினார்கள். என்ன நிறம், யார் பெயர் முதலில், எழுத்துக்குப் பின்னால் விளக்கு வேண்டுமா. தலைவர் சோபா, கட்டில் விற்கிற பெரிய கடைக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யார் வந்தாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்லுவார். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்மா" என்பார். பாத்துக்கலாம் என்பதே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டிருந்தது.

அவள் முறை வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். அடுத்த கூட்டத்துக்குப் போதுமான ஆட்களே வரவில்லை. ஒவ்வொரு முறையும் கடையில் பாதி நாள் லீவு கேட்டு, முதலாளியின் உம்மென்ற முகத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டியிருந்தது.

மூன்றாவது கூட்டத்தில் அவள் காத்திருக்கவில்லை. தலைவர் வளைவின் படத்தை விரித்து, "வாசல்தானே பள்ளிக்கூடத்தோட முகம்," என்று ஆரம்பித்ததுமே குறுக்கிட்டாள்.

"முகம் அழகா இருக்கட்டும் சார். நடக்கறதுக்குக் கால் வேணாமா? என் பொண்ணு கீழ இறங்கணுமேன்னு பயந்து தண்ணி குடிக்கறதில்லை. டாக்டர் இப்பவே சிறுநீர்ல கிருமின்னு சொல்றாரு. இந்த ரூமைக் குடுங்க."

ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் ஏசியின் குளிரைக் கூட்டினார்.

"லிஃப்ட் வைக்கற யோசனை இருக்கும்மா," என்றார் தலைவர். "பாத்துக்கலாம்."

"வைங்க சார். அது வர வரைக்கும் இதைக் குடுங்க."

அவள் வந்ததிலிருந்து எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரூம் சாவி எங்கிட்டதான் இருக்கு. திங்கட்கிழமை ஆறாம் வகுப்பு இங்க உக்காரும். தீர்மானத்தை நீங்க அப்புறம் எழுதிக்கங்க."

"அப்போ நாம கூட்டத்தை எங்க நடத்தறது?" என்றார் தலைவர் திகைத்துப்போய்.

"ரெண்டாவது மாடி காலியாத்தானே சார் இருக்கும்," என்றார் தலைமையாசிரியை.

சொன்னபடியே வகுப்பு கீழே வந்தது. கேடய அலமாரியை நகர்த்த ஆளில்லாமல் அது மட்டும் அங்கேயே நின்றது. சுண்டு அதன் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து, "எனக்குப் பின்னால எத்தனை கப்பு தெரியுமா!" என்று பீற்றிக்கொண்டாள். தண்ணீர் பாட்டில் காலியாகத் திரும்பியது. அந்த வாரம் முழுக்க அம்மா கடையில் மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கும்போது தன்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குழு இரண்டு முறை மாடி ஏறியது. அப்புறம் கூட்டத்தைத் தலைவரின் கடைக்கே மாற்றிவிட்டார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களில் உட்கார்ந்து, அசைந்தால் சத்தம் வருமே என்று அசையாமல் பேசினார்கள். லிஃப்ட் பேச்சு ஒருமுறை எழுந்து அப்படியே அடங்கியது. வளைவு எழும்பிவிட்டது. அழகாகத்தான் இருந்தது, அதை அவளே ஒப்புக்கொண்டாள்.

வருஷக் கடைசியில்தான் அவளுக்கு உறைத்தது. தீர்மானத்தில் கீழறை ஆறாம் வகுப்புக்கென்று எழுதப்பட்டிருந்தது, சுண்டுக்கென்று அல்ல. ஏழாம் வகுப்பு இருப்பதோ முதல் மாடியில். மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டும். இப்போது அடுத்த வருஷத்து ஆறாம் வகுப்புப் பெற்றோர்களே ஏசி அறையை விட மாட்டோம் என்பார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது; மாடிக்குப் போனால் வெயில் அவர்கள் பிள்ளைகளையும்தானே வாட்டும்.

பிரதிநிதியாக இன்னொரு வருஷம் இருக்க முடியுமா என்று தலைமையாசிரியை போன் செய்தபோது, அவள் வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நின்று நின்று பாதம் வீங்கியிருந்தது.

"வேற யாராவது கிடைக்க மாட்டாங்களா டீச்சர்?"

"கேட்டுப் பாத்தேம்மா. எல்லாரும் உங்களையே கை காட்டறாங்க."

அவள் ஒரு காலை வெளியே எடுத்துத் துண்டால் துடைத்தாள். தலைமையாசிரியையின் குரலும் களைத்துத்தான் இருந்தது.

"சரி டீச்சர்," என்றாள் கடைசியில். "கூட்டம் சனிக்கிழமையா இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. அன்னைக்குக் கடையில கூட்டம் தாங்காது."