கழன்றுகொண்டே இருந்த மட்டை

இன்னாசிமுத்து செய்த தறி எதுவும் ஆட்டம் கண்டதாகச் சேவூரில் ஒருவரும் சொன்னதில்லை. அதுதான் அவருக்கு வந்த கேடு. வேலை சுத்தமாக இருந்தால் செய்தவனை யார் திரும்பத் தேடி வரப்போகிறார்கள்? தறியை இறக்கி நிறுத்திய அன்றைக்கு வெற்றிலை பாக்கு வைப்பார்கள், இலை போட்டுச் சோறு பரிமாறுவார்கள். அப்புறம் பதினைந்து வருஷத்துக்கு, தெருவில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவதோடு சரி.

பெண்சாதி மஞ்சள் காமாலையில் போனது கல்யாணமான இரண்டாம் வருஷம். பிள்ளை இல்லை. மறு கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள், அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத மனிதர் என்று ஊர் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. அதில் பாதிதான் உண்மை. எதிரே ஆள் இருந்தாலும் அவருக்குப் பேச்சு வராது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் நின்று கதை பேசும்போது, இவர் ஏதோ அவசர வேலை இருப்பவர் போலச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பட்டறைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்.

1974ஆம் வருஷம் அந்தப் பட்டறைக்குள் கிருபாகரன் வந்தான். பக்கத்து ஆரணியில் ஒரு வங்கியில் புதிதாகச் சேர்ந்திருந்த குமாஸ்தா, இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் கிரிக்கெட் மட்டை, இன்னொரு கையில் அதன் பிடி. கட்டில், பெஞ்சு செய்கிற ஆசாரிகள் நாலு பேர் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஐந்தாவதாக இவரிடம் வந்தான்.

இன்னாசிமுத்து அதுவரை மட்டையைக் கையால் தொட்டதில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலகை வெளுத்த மரம், தூக்கினால் இத்தனை பெரிய பொருளுக்கு இவ்வளவுதானா கனம் என்று தோன்றியது. பிடி ஒரே கட்டையாக இல்லை. பிரம்புத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, நடுவில் ரப்பர் பட்டை வைத்து, மேலே நூல் சுற்றியிருந்தார்கள். அதன் அடியை ஆப்பு மாதிரி சீவிப் பலகைக்குள் இறக்கியிருந்தார்கள். ஏன் இத்தனை பாடு என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கிருபாகரனுக்கு யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். முதுகுப் பக்கம் கீழிருந்து ஒரு சாண் உயரத்தில் மரம் ஏன் தடித்திருக்கிறது, அங்கே பந்து பட்டால் ஏன் கை அதிராது, பிரம்பு வளைந்து கொடுக்காவிட்டால் மணிக்கட்டு என்ன கதியாகும் என்று அரைமணி நேரம் விளக்கினான். இன்னாசிமுத்துவுக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் செய்கிற சாமான் எல்லாம் அசையாமல் நிற்க வேண்டியவை. வளைந்து கொடுப்பதற்கென்றே ஒருவன் மரச்சாமான் செய்வான் என்று அவர் நினைத்ததில்லை.

பிடியைப் பூட்டிக் கொடுத்தார். பூட்டினாரே ஒழிய ஒட்டவில்லை. தறி செய்கிற ஆசாரிகளின் மரபு அது. நெசவுக் குடும்பம் வீடு மாறினால் தறியும் கூடப் போக வேண்டும் அல்லவா? ஆப்பைத் தட்டினால் தறி முழுக்கக் கழன்று வண்டியில் ஏறும், போன இடத்தில் மறுபடி நிற்கும். தறிச் சட்டத்தில் பசை தடவினான் என்று தெரிந்தால் அவனை ஆசாரி என்றே மதிக்கமாட்டார்கள். ஆக, மட்டைக்கும் அப்படியே செய்தார். மயிரிழை இடைவெளி இல்லாமல் சீவி, இறுக்கி இறக்கி, மூங்கில் ஆணி ஒன்று அடித்தார். கிருபாகரன் ஓங்கி ஓங்கி வீசிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனான்.

பதினாறாம் நாள் பிடி கழன்றுவிட்டது. இந்தத் தடவை நாலு பேர் வந்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்து இன்னாசிமுத்து எழுந்து நின்றார். அவர்களோ கிடைத்த கட்டைகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கோட்டை மைதானத்தில் அன்றைக்கு நடந்த ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து ஆடிக் காட்டினார்கள். பன்னீர்செல்வம் என்று ஒருவன், வாரத்தில் ஆறு நாள் பட்டுத்தறியில் உட்காருகிறவன், ஏழாம் நாள் முதல் ஆளாக மட்டை பிடிப்பான். கிருபாகரன் ஓடத் தெரியாமல் ஓடி விழுந்ததை அவன் நடித்துக் காட்ட, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. இன்னாசிமுத்துவுக்கும் ஒரு டம்ளர். இருட்டும் வரை இருந்துவிட்டுப் போனார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு, இழுத்துப் போட்ட கட்டைகளை எடுத்து ஓரமாக அடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

மறுநாள் கடைவீதிக்குப் போய் வஜ்ஜிரம் வாங்கி வந்தார். நாற்காலிக்காரர்கள் உபயோகிக்கிற பசை. ஊறவைத்து, தண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை வைத்துக் காய்ச்சினால் பட்டறையெல்லாம் நாறும், ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான். இனி இந்த மட்டை ஜன்மத்துக்கும் கழலாது என்று தெரிந்தது. பசைக்குச்சியை எடுத்தவர் திரும்பி அந்தக் கட்டைகளைப் பார்த்தார். பிறகு ஆப்பின் நுனியில் மட்டும் இரண்டு இழுப்பு இழுத்தார். மற்ற இடத்தில் தடவவில்லை. திருட்டுத்தனம் என்று அவருக்கே தெரியும். உள்ளே இறக்கி, நூல் சுற்றி, ரப்பர் உறையை ஏற்றிவிட்டால் மாதா கோவில் சாமியார் வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அது இரண்டு மாதம் தாங்கியது. அவருக்கு அந்தக் கணக்கு சீக்கிரமே கைவந்தது. கொஞ்சம் அதிகம் தடவினால் மூன்று மாதம், குறைத்தால் ஒரு மாதம். மழைக்காலத்தில் ஆட்டம் குறைவு என்பதால் இன்னும் குறைத்துத் தடவுவார். குழுவில் இருந்த மூன்று மட்டைகளும் மாறி மாறிக் கழன்றன. நம்ம ஊர் வெயிலுக்கு எந்த மட்டையும் நிற்காது என்று அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

1978இல் ஆட்டக்காரர்கள் பணம் சேர்த்துப் புது மட்டை வாங்க வேலூர் கிளம்பினார்கள். மரம் பார்க்க ஆசாரி கூட வரட்டும் என்று கிருபாகரன் சொல்லிவிட்டான். இன்னாசிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பேருந்தில் அவருக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார்கள். கடைக்காரர் இருபது மட்டைகளை எடுத்துப் பரப்பினார். பளபளவென்று வெள்ளையாக இருந்ததைத்தான் எல்லோரும் எடுத்தார்கள். இவர் அதை ஒதுக்கிவிட்டார். ரேகை மேலிருந்து கீழ்வரை வளையாமல் ஓடுகிறதா என்று பார்த்தார். அடிமுனையை நகத்தால் அழுத்தினார். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டினார். சில மட்டைகள் மண்சுவர் மாதிரி பதில் சொல்லின. ஓரத்தில் பழுப்புக் கீற்று ஓடிய ஒரு மட்டை கணீரென்றது. பன்னீர்செல்வத்திடம் கொடுத்து வீசச் சொன்னார். தூக்கும்போது கனத்த அது, வீசும்போது லேசாக இருந்தது. இதுதான் என்று பன்னீர் சொன்னபோது, கடைக்காரரும் வாயைத் திறந்து பாராட்டினார். திரும்பும் வழியெல்லாம் மட்டை இன்னாசிமுத்துவின் மடியில் இருந்தது. நாற்பத்து நாலு வயதில் அதுதான் அவர் வாழ்க்கையின் நல்ல நாள். பேருந்து ஆரணிக்கு வராமல் இன்னும் எங்காவது போய்க்கொண்டே இருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆளிவிதை எண்ணெய் தடவி, பழைய பந்தால் மூன்று வாரம் தட்டித் தட்டிப் பதப்படுத்திக் கொடுத்தார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. புது மட்டை கல்லாக நின்றது, பழையவற்றை யாரும் எடுக்கவில்லை. அதனால் அவர்கள் வருவதும் நின்றது. ஒரு மழைக்காலம், ஒரு கோடைக்காலம் போயிற்று. தெருவில் பார்த்தால் கிருபாகரன் சைக்கிளிலிருந்து இறங்கி விசாரிப்பான், இவர் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். மறுவருஷம் அந்த மட்டையின் பிரம்பில் விரிசல் கண்டு கொண்டுவந்தபோது, இன்னாசிமுத்து புதுப் பிரம்பில் பிடி செய்தார். பிறகு வஜ்ஜிரக் கிண்ணத்தை எடுத்து, நுனியில் மட்டும் தடவினார். நூல் சுற்றி, உறையை ஏற்றினார்.

தேசூர்க்காரர்களோடு ஆட்டம். கிருபாகரன் நேரே ஓங்கி அடித்தான். பிடி அவன் கையிலேயே நின்றுவிட, பலகை மட்டும் பறந்து போய் எதிர்முனையில் ஓடத் தயாராக நின்ற பன்னீர்செல்வத்தின் வலது கையில் மோதியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முறிந்தன. தறியில் முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. ஊடை நூலோடு நாடாவை வீச வலது கை வேண்டுமே! இரண்டு மாதம் அந்த வீட்டில் தறிச்சத்தம் இல்லை.

இன்னாசிமுத்து பார்க்கப் போனார். வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களைக் கீழே வைத்துவிட்டு நின்றார். பன்னீர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, மரம்தானே, அது இன்னா பண்ணும் என்று அவரையே தேற்றினான். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் அவர் அழுதார். பெண்சாதி செத்தபோது கூட அப்படி அழவில்லை.

மறுவாரம் குழுவின் மட்டைகளை எல்லாம் தானே கேட்டு வாங்கினார். பிடிகளைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, அடி முதல் நுனி வரை வஜ்ஜிரம் தடவி, இரண்டு நாள் நெருக்கி வைத்தார். தறிக்குக் காட்டுகிற யோக்கியத்தை அன்றைக்குத்தான் மட்டைக்கும் காட்டினார். இனி அவர்கள் இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று தெரிந்தேதான் செய்தார்.

வரவும் இல்லை. நாலு வருஷம்! இந்தியா உலகக் கோப்பையை வாங்கிய போது சேவூர்ச் சந்துகளில் எல்லாம் பிள்ளைகள் தென்னை மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். ஆரணி முழுக்க அதே பேச்சு. இன்னாசிமுத்து பட்டறையில் தறிப்பலகைக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் இழுத்துப் போட்டு உட்கார்ந்த கட்டைகள் அதே இடத்தில் கிடந்தன. அவற்றின் மேல் மரத்தூள் படிந்திருந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம் கிருபாகரன் வந்தான். தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல். சாமான் ஏற்றிய லாரி சாலையில் நின்றது. சொல்லிக்கொண்டு போக வந்தவன், மட்டையையும் எடுத்து வந்திருந்தான்.

"நாலு வருஷம் ஆவுதுண்ணா. ஒரு தபா கூட கழலல. மெட்ராஸ்ல கூட இப்படி வேல செய்ய ஆளு கெடயாது," என்றான்.

அந்தப் பாராட்டு இன்னாசிமுத்துவைச் சுட்டது. கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"முன்னாடிலாம் கழண்டுகினே இருந்துதே சார், அது தானா கழலல. நான்தான் பசைய பாதி வச்சி உட்டேன்."

கிருபாகரனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மட்டையைப் பார்த்தான், பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். பன்னீரின் விரல் முறிந்தபோதும் அப்படித்தானா என்று மெதுவாகக் கேட்டான். அவர் தலையை ஆட்டினார்.

"ஏன்ணா?"

"கழண்டா நீங்கல்லாம் வருவீங்க."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கிருபாகரன் கோபப்படுவான் என்று இன்னாசிமுத்து எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. அவன் அங்கே கிடந்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நீங்க ஒரு வார்த்த பேசமாட்டீங்க. நாங்க வந்து கத்திகினு இருக்கறது ஒங்களுக்கு பேஜாரா இருக்குமோன்னுதான் வேல இல்லாம வர்றதில்லண்ணா. வாங்கடான்னு ஒரு தபா சொல்லியிருந்தா, பேட்டு இல்லாமயே வந்திருப்போமே."

ஒன்பது வருஷம். இவ்வளவுதானா? இதற்காகவா இரண்டு விரல்? ஹாரன் மறுபடி கேட்டது. கிருபாகரன் அவர் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் வைத்திருந்தான். பன்னீரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டான். லாரி சாலை வளைவில் திரும்பி மறைந்தது.

இன்னாசிமுத்து பட்டறையைச் சாத்தினார். பன்னீர்செல்வத்தின் தெரு நாலு நிமிஷ நடை. சொன்னால் இந்த ஊரில் மிச்சமிருக்கிற ஒரு வாசலும் மூடிவிடலாம். சொல்லாவிட்டால் அது திறந்திருந்தும் அவருக்கு ஒன்றுமில்லை.

தறிச்சத்தம் வாசல்வரை கேட்டது. பன்னீர் தறிக்குழிக்குள் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தான். அந்த இரண்டு விரல்களும் கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்திருந்தன. ஆசாரி வந்திருக்கிறார் என்றால் மரவேலை விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தறியில் எதுவும் கோளாறு இல்லையே, யார் சொல்லி அனுப்பியது என்று கேட்டான்.

இன்னாசிமுத்து வாசற்படியில் நின்றுகொண்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"தறிக்கு வர்ல, பன்னீரு. உன்னாண்ட பேசணும்னு வந்தேன்."